ஓட்டத்தை நிறுத்தும் உரிமை யாருக்கு?

2022 மார்ச்சில் அலாஸ்காவின் மேற்குக் கரையோரம் கடும் பனிப்புயல் வீசியது. இடிட்டராட் பனிவண்டிப் பந்தயத்தின் கடைசிக் கட்டம் அது. முடிவுக்கோடு இருக்கும் நோம் நகரத்துக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம்கூட மிச்சமில்லை. அந்தக் காற்றில் நாய்களைத் திறந்தவெளியில் கிடத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எண்ணிய மூன்று ஓட்டுநர்கள், அவற்றை வழியோரக் கூரையடிக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பந்தயம் முடிந்ததும் மூவருக்கும் தண்டனை வந்தது. இருவர் தரவரிசையில் கீழே இறக்கப்பட்டு அதற்கேற்பப் பரிசுப் பணத்தையும் இழந்தனர். மூன்றாமவருக்கு 1,000 டாலர் அபராதம். நாய்களைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் ஓய்வு கொடுக்கக் கூடாது என்பது பந்தய விதி. நாய்களுக்கு நல்லதைத்தான் செய்தார்கள், ஆனால் வெளியே காத்துக் கிடந்த மற்றவர்களோடு நடக்கும் போட்டியை அது பாதித்துவிட்டது என்பது பந்தய நிர்வாகம் சொன்ன விளக்கம். அந்த விளக்கத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. பந்தயம் என்ற கணக்குக்குள் நின்று பார்த்தால் அது நியாயமான தீர்ப்புதான். என் ஆட்சேபம் அந்தக் கணக்கின் மீது. களைத்த நாய் கதகதப்பாகத் தூங்குவதை முறைகேடான சலுகையாக எண்ண வேண்டியிருக்கும் ஒரு போட்டியில், நாயின் நலம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது?

ஆங்கரேஜ் பக்கத்திலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இடையில் அலாஸ்கா மலைத்தொடர், உறைந்த யூகான் ஆறு, பெரிங் கடலின் பனிக்கரை. புறப்படும்போது பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாத நாய்களைப் பூட்டிய வண்டியை ஒற்றை ஆள் ஓட்டிச் செல்கிறார். முன்னணி அணிகள் ஒன்பது, பத்து நாளில் நோமை எட்டுகின்றன. இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 1925-இல் நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து காத்த மருந்து ஓட்டம் நினைவுகூரப்படும். பால்ட்டோ என்ற நாய்க்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சிலை இருப்பதும் சொல்லப்படும். வீரம் நிறைந்த கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஓட்டம் அஞ்சலோட்ட முறையில் நடந்தது. நெனானாவிலிருந்து நோம் வரையிலான 674 மைலை இருபது ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் பங்கு போட்டுக்கொண்டு ஐந்தரை நாளில் கடந்தார்கள். மருந்துப் பெட்டியோடு மிக நீண்ட தூரம் ஓடிய லெயன்ஹார்டு செப்பாலாவின் அணிக்கே அதைச் சுமந்து ஓடிய தொலைவு 91 மைல்தான். மற்றவர்களில் பலர் முப்பது, நாற்பது மைலில் அடுத்த அணியிடம் ஒப்படைத்தார்கள். உயிர் காக்கும் அவசரத்திலும் நாய்களை மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்று அன்றைய மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பந்தயத்தில் புறப்பட்ட நாய்க்கு மாற்று நாய் கிடையாது. முடியாமல் போன நாயை இடையிலுள்ள சோதனைச்சாவடியில் விட்டுவிடலாம். மீதி நாய்கள் அதன் பங்கையும் சேர்த்து இழுக்கும்.

பந்தய ஆதரவாளர்களின் முதல் வாதம், இந்த நாய்கள் ஓடுவதற்கென்றே பிறந்தவை, ஓட்டம் அவற்றுக்கு இன்பம் என்பது. இதை முழுமையாகவே ஒப்புக்கொள்கிறேன். தொடக்கக் கோட்டில் வார் பூட்டிய நாய்கள் குதிப்பதையும் ஊளையிடுவதையும், நங்கூரம் போட்டு நிறுத்திய வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பாயப் பார்ப்பதையும் கண்ட எவரும் அவை கட்டாயத்தால் ஓடுகின்றன என்று சொல்ல மாட்டார்கள். உடலமைப்பும் அப்படித்தான் இருக்கிறது. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாய் பந்தய நாட்களில் பத்தாயிரம் கலோரிக்கு மேல் எரிக்கிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே அதன் தசைகள் எரிபொருள் பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டு நீண்ட உழைப்புக்குப் பழகிவிடுவதை ஆய்வாளர்கள் வியப்போடு பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த வாதம் கேள்வியின் பாதிக்குத்தான் பதில் சொல்கிறது. ஓடத் தொடங்கும் ஆசை நாய்க்கு இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்ற முடிவு அதனிடம் இல்லை. கூட்டத்தோடு ஓடும் இயல்பும், தலைமுறை தலைமுறையாக ஓட்ட வெறிக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட மரபும் சேர்ந்து, உடம்பு போதும் என்று சொல்லும்போதும் அதை ஓட வைக்கின்றன. நிறுத்தத் தெரியாத உயிரின் ஆர்வத்தையே அதன் சம்மதத்துக்குச் சான்றாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்? அந்த ஆர்வம் இருப்பதாலேயே, நிறுத்துகிற பொறுப்பு இன்னொருவர் தலையில் மேலும் கனமாக விழுகிறது.

அந்த உடம்பு என்ன சொல்கிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றைச் சேகரித்தவர்கள் பந்தயத்தின் எதிரிகள் அல்லர்; பனிவண்டி நாய்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துவரும் கால்நடை மருத்துவ அறிவியலாளர்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,100 மைல் பந்தயத்தை முடித்த 59 நாய்களின் மூச்சுக்குழாய்கள் ஓரிரு நாட்களுக்குள் உள்நோக்கிக் கருவியால் பார்க்கப்பட்டன. 81 சதவீத நாய்களின் காற்றுக்குழாய்களில் இயல்புக்கு மீறிய கசடு சேர்ந்திருந்தது. ஏறத்தாழ பாதி நாய்களில் அது மிதமானது அல்லது கடுமையானது. உறைகுளிர்க் காற்றை நாட்கணக்கில் வேகமாக இழுத்து விட்டதன் விளைவு இது. பனிச்சறுக்கு வீரர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இந்த நாய்களையே மாதிரியாகக் கொள்ளலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, இடிட்டராட்டில் ஓடிய நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு இரைப்பையில் புண்ணோ அரிப்போ இரத்தக் கசிவோ இருந்ததைக் காட்டியது. இவை செத்த நாய்கள் அல்ல. முடிவுக்கோட்டில் வாலாட்டி நின்றிருக்கக்கூடியவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரைப்பைப் புண் தெரியாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து புண்ணின் தீவிரத்தைத் தணிக்கிறது என்று பிறகு கண்டறிந்தார்கள். பல அணிகளில் இன்று அது வழக்கமாகிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் புண்ணை உண்டாக்கும் உழைப்பு அப்படியே இருக்க, அதைத் தாங்கிக்கொள்ள மருந்து என்ற ஏற்பாட்டை நலவாழ்வு முன்னேற்றம் என்று முழுமனதாகக் கொண்டாட எனக்கு வாய் வரவில்லை.

சாவுகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனாலும் இருதரப்பும் இந்த விவாதத்தைச் சாவு எண்ணிக்கைச் சண்டையாகவே நடத்திவருவது தவறு என்று நினைக்கிறேன். நான்கு பந்தயங்கள் சாவின்றிக் கழிந்த பிறகு, 2024-இல் மூன்று நாய்கள் செத்தன. போக் என்ற இரண்டு வயது நாய் நூலாட்டோ சோதனைச்சாவடிக்கு வெறும் 200 அடி தொலைவில் விழுந்தது. மருத்துவர்கள் இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றும் பயனில்லை. ஜார்ஜ், ஹென்றி என்ற மற்ற இரண்டும் வழியிலேயே சரிந்தன. 2025-இல் கலீனா அருகே விழுந்து இறந்த வென்டானா என்ற நான்கு வயது நாயை உடற்கூறாய்வு செய்தபோது அது கருவுற்றிருந்தது தெரியவந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் ஓடும் பந்தயத்தில் மூன்று என்பது சிறு விகிதம், வீட்டில் வளரும் நாய்களும்தான் சாகின்றன என்று பதில் வரும். வீட்டு நாய்க் கணக்கில் கிழட்டு நாய்களும் நோயாளி நாய்களும் அடங்கும். இங்கே ஓடுபவை இளமையின் உச்சத்தில் இருப்பவை. இதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் முடித்துத் தேர்வானவை. அப்படிப் பொறுக்கி எடுத்தவற்றில் பத்து நாளில் மூன்று விழுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1994 முதல் 2006 வரை பந்தயத்தில் இறந்த 23 நாய்களின் உடற்கூறாய்வுகளைத் தொகுத்து 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியாவும், இரைப்பைப் புண்ணிலிருந்து வழிந்த இரத்தமும் அதில் முக்கியக் காரணங்களாக நிற்கின்றன. காரணம் பிடிபடாத சாவுகளும் உண்டு. முன்சொன்ன இரைப்பை ஆய்வோடு சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும். உயிரோடு முடித்த நாய்களில் பாதிக்கு இருக்கும் கோளாறு, சிலவற்றில் எல்லை மீறும்போது சாவாகிறது. ஆகவே சாவே இல்லாத ஒரு பந்தயத்தைக் காட்டி, நாய்கள் நலமாக இருக்கின்றன என்று யாரும் நிறுவிவிட முடியாது.

பந்தயத்தில் பாதுகாப்பே இல்லை என்று சொல்வது பொய். இருபதுக்கும் மேற்பட்ட சோதனைச்சாவடிகளில் கால்நடை மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மருத்துவக் குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு நாயின் இதயம், நீர்ச்சத்து, மூட்டு, பாதம் எல்லாம் தொட்டுப் பார்க்கப்படுகின்றன. நாய் ஒன்றுக்கு எட்டுத் துணிக் காலுறைகள் வண்டியில் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஓட்டுநர் சாவடிக்கு வந்ததும் செய்வதைப் பார்த்தால் மரியாதை வரும்: வைக்கோல் பரப்பி, காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பனியை உருக்கி, கொழுப்பும் இறைச்சியும் மீனும் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றி, பாதங்களுக்கு மருந்து தடவி, மணிக்கட்டுகளைப் பிடித்துவிட்டு, எல்லாம் முடித்தபின்தான் தான் கொஞ்சம் கண்ணயர்கிறார். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், இந்த நாய் இனியும் ஓடலாமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்திருக்கிறது. இதற்கு மேல் ஓடுவது அதற்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கும் கடமை யாருக்கும் இல்லை. பந்தயம் முழுவதிலும் விதி கட்டாயமாக்கும் நீண்ட ஓய்வு மூன்றே முறை: ஒருமுறை 24 மணி நேரம், யூகான் ஆற்றருகே 8 மணி நேரம், நோமுக்கு 77 மைல் முன்னால் ஒயிட் மவுண்டனில் 8 மணி நேரம். மொத்தம் 40 மணி. ஒன்பது நாளில் இருப்பது 216 மணி. மீதியில் எவ்வளவு தூங்க விடுவது என்பது ஓட்டுநரின் விருப்பம். முதல் பரிசு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். இருபதாம் இடத்துக்குப் பின்னால் வருபவருக்கு நெடுங்காலமாகக் கிடைத்தது 1,049 டாலர். ஓய்வை நிர்ணயிக்கும் அதிகாரமும் ஓய்வால் நஷ்டப்படும் நலனும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. வேறு எந்தத் துறையிலும் இப்படிப்பட்ட ஏற்பாட்டை நாம் ஏற்க மாட்டோம்.

நல்ல ஓட்டுநர் நாயை வதைக்க மாட்டார், வதைத்தால் அவர் ஜெயிக்கவும் முடியாது என்று சொல்வார்கள். இது ஓரளவு உண்மை. 1986 முதல் 1990 வரை நான்கு முறை வென்ற சூசன் புட்சர் போன்றவர்கள் நாய்ப் பராமரிப்பையே வெற்றியின் வழியாக்கிக் காட்டினார்கள். இன்றும் முன்னணி அணிகள் ஓடிய நேரத்துக்கு ஈடாக ஓய்வு கொடுக்கத் திட்டமிடுகின்றன. ஆனால் 1973-இல் முதல் பந்தயத்தை வென்றவருக்கு இருபது நாள் ஆனது. 2017-இல் ஃபேர்பேங்க்ஸிலிருந்து புறப்பட்ட பாதையில் வென்றவர் எட்டு நாள் 3 மணி 40 நிமிடத்தில் நோமில் இருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் உணவும் வண்டியும் பயிற்சியும் மருத்துவமும் எவ்வளவோ மேம்பட்டன. அந்த முன்னேற்றத்தின் பலன் நாய்க்குக் கூடுதல் ஓய்வாகப் போய்ச் சேரவில்லை, வேகமாகவே மாறியது. தனிமனிதர்களின் அன்பால் இதைத் தடுக்க முடியாது. இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுகிறவர், அப்படி விடாத சமபலமுள்ளவரிடம் தோற்பார். மறு ஆண்டு அவரும் அந்த இரண்டு மணியைக் குறைப்பார். எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் விதி மட்டுமே இந்த இறக்கத்தை நிறுத்தும். விதி எழுதும் அதிகாரம் பந்தய நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

மார்ச் மாதத்துப் பத்து நாட்களை விட்டுவிட்டு மீதி ஆண்டைப் பார்ப்போம். பல நாய்ப்பண்ணைகளில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மரக்கூடு, சுழலும் முளைக்கம்பம், ஆறேழு அடிச் சங்கிலி. பயிற்சி இல்லாத கோடையில் அந்த வட்டமே அதன் உலகம். சங்கிலியில் இருந்தாலும் பக்கத்து நாய்களோடு பார்த்துப் பழக முடிகிறது, கூண்டைவிட மேல் என்று வளர்ப்பவர்கள் வாதிடுகிறார்கள். குறுங்கூண்டோடு ஒப்பிட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஓடுவதற்கென்றே பிறந்தவை என்று எந்த நாயைப் பற்றிப் பந்தய நாளில் பெருமை பேசினார்களோ அதே நாயை ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போடுவதற்கு முதல் வாதத்திலிருந்தே பதில் கிடைத்துவிடுகிறது. சட்டமும் இங்கே ஒதுங்கி நிற்கிறது. விலங்குவதையைக் குற்றமாக்கும் அலாஸ்கா மாநிலச் சட்டப் பிரிவு, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நாய்வண்டிப் போட்டிகளுக்கும் நடைமுறைகளுக்கும் தான் பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. எது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களே தீர்மானிக்கும்போது, அந்த விலக்குக்கு எல்லை இருக்காது. பக்கத்திலிருக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இதை ஒரு கொடுமைக்குப் பிறகுதான் கற்றது. 2010 குளிர்கால ஒலிம்பிக் முடிந்து சுற்றுலா படுத்ததும், விஸ்லரில் நூறு பனிவண்டி நாய்கள் வரை கொல்லப்பட்டதாக மறு ஆண்டு செய்தி வெடித்தது. கொன்ற ஊழியர் தனக்கு நேர்ந்த மனஉளைச்சலுக்கு இழப்பீடு கேட்டிருக்காவிட்டால் அது வெளியே தெரிந்தே இருக்காது. 2012-இல் அந்த மாகாணம் பனிவண்டி நாய்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. கட்டிவைத்த நாயை நாள்தோறும் ஒருமுறையாவது அவிழ்த்துவிட்டு நடமாடச் செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதனால் அங்கே பனிவண்டித் தொழில் அழிந்துவிடவில்லை.

நகரத்துச் சோபாவில் நாயை மடியில் வைத்திருப்பவர்கள் வடதுருவப் பண்பாட்டைத் தீர்ப்பிட வந்துவிட்டார்கள் என்ற கோபம் அலாஸ்காவில் உண்டு. எனக்கு மிகவும் தயக்கம் தரும் மறுப்பு இதுதான். இனுப்பியாக், யூப்பிக், அதபாஸ்கன் மக்களுக்கு நாய்வண்டி பல நூற்றாண்டுகளாக வாழ்வாதாரம். அறுபதுகளில் பனிமோட்டார் வண்டி நுழைந்ததும் கிராமங்களில் நாய்கள் மளமளவென்று மறைந்தன. அந்த மரபைக் காப்பாற்றவே ஜோ ரெடிங்டன் இந்தப் பந்தயத்தை நடத்தப் பாடுபட்டார். 2019-இல் யூப்பிக் இனத்தவரான பீட் கைசர் வென்றபோது அவருடைய ஊரான பெத்தல் நகரமே அதைத் தன் வெற்றியாகக் கண்டது. இதையெல்லாம் ஒரே அடியாகத் தடை செய்யச் சொல்லும் விலங்குரிமை அமைப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் மரபையும் கடிகாரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். வேட்டைக்கும் விறகுக்கும் தபாலுக்கும் ஓடிய நாய்வண்டியின் வேகத்தைத் தேவையும் வானிலையும் தீர்மானித்தன. புயல் வந்தால் நின்றார்கள். நாயை இழந்தால் குளிர்காலமே போய்விடும் என்பதால் அதைக் காத்தார்கள். புயலில் நாயை உள்ளே கூட்டிப்போனவரைத் தண்டிக்கும் வழக்கம் அந்த மரபில் எங்கே இருக்கிறது? மரபின் பெயரால் காக்கப்பட வேண்டியது நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான உழைப்பு உறவு என்றால், ஆறு மணி நேர ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம் ஓய்வு என்று விதித்தால் அந்த உறவுக்கு என்ன குறை வந்துவிடும்?

அப்படி விதித்தால் பந்தயம் சுவாரசியமற்றுச் செத்துவிடும் என்பது கடைசி மறுப்பு. ஏற்கெனவே அது தேய்ந்துகொண்டுதான் வருகிறது. 2008-இல் 96 ஓட்டுநர்கள் புறப்பட்டார்கள். 2023-இல் 33 பேர். வெல்ஸ் ஃபார்கோ, அலாஸ்கா ஏர்லைன்ஸ், எக்ஸான்மொபில் என்று பெரிய ஆதரவாளர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். இப்போதைய விதிகளை அப்படியே வைத்திருப்பதுதான் பந்தயத்துக்குப் பாதுகாப்பு என்று இந்த எண்களைப் பார்த்தபின் சொல்ல முடியாது. கட்டாய ஓய்வைக் குறைந்தது இரு மடங்காக்கலாம்; எல்லோருக்கும் ஒன்றுபோலக் கூடுவதால் போட்டி குறையாது, பாதை தேர்வதிலும் நாய்களைப் பழக்குவதிலும் உள்ள திறமைக்கு இடம் கூடும். புயலில் கூரை தேடுவதைத் தண்டிக்கும் விதியை நீக்கிவிட்டு, அப்படி ஒதுங்கிய அணியின் ஓட்ட நேரத்தைச் சரிக்கட்டும் முறையைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு சாவின் உடற்கூறாய்வு அறிக்கையும், இடையில் விடப்பட்ட ஒவ்வொரு நாயின் மருத்துவக் காரணமும் முழுமையாக வெளியிடப்படட்டும். மாநிலச் சட்டமன்றம் அந்த விலக்கு வரியை எடுத்துவிடட்டும். முறையாக வளர்ப்பவருக்கு அந்த விலக்கு தேவையே இல்லை. பரிசைப் பொறுத்தவரை புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. செப்பாலாவின் பெயரிலேயே ஒரு விருது பல ஆண்டுகளாக இருக்கிறது. நாய்களை மிகச் சிறப்பாகப் பராமரித்தபடி பந்தயத்தையும் நன்றாக ஓடிய ஓட்டுநரை, வழிநெடுகப் பார்த்த கால்நடை மருத்துவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பரிசோடு ஒப்பிடும் அளவுக்கு அதில் பணம் இல்லை. அந்த விருதுக்கு முதல் பரிசுக்கு நிகரான தொகையை ஒதுக்க நிர்வாகக் குழுவின் ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும்.